வளைகுடா நாட்டு நீதிமன்றமும் எங்கள் பிள்ளைகளும்: கேட்கப்படாத கேள்விகள்

இம்மாத உரை சட்டத்தைப் பற்றியது என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் நிலையத்துக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் ஒருவகை இப்போது அடிக்கடி வருகிறது. "ஊரிலை எங்கட மச்சாளின்ர மகள் விசிட் விசாவிலை டுபாய்க்குப் போனவள். இப்ப ஓமானிலை நிக்கிறாளாம். பாஸ்போட் ஏஜென்சிக்காரனிட்டையாம். வேலை செய்த வீட்டாலை ஓடி வந்ததெண்டு பொலிஸ் பிடிச்சிட்டுதாம். என்ன செய்யலாம்?"

இதற்குச் சரியான பதிலை அந்தந்த நாட்டுச் சட்டத்தரணி ஒருவர்தான் சொல்ல முடியும். நான் சட்டத்தரணி அல்லன். இந்த நாட்டு நீதிமன்றங்களிலும் அகதி விசாரணைகளிலும் நெடுங்காலம் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். எந்தெந்த வழக்குகள் என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் சட்டம் மனிதரை எந்த இடத்தில் தவறவிடுகிறது என்பதை மொழிபெயர்ப்பாளனின் கதிரையில் இருந்து பார்க்கலாம். பெரும்பாலும் அது முதல் கேள்வியிலேயே நடந்துவிடுகிறது.

அதிகாரி கேட்கிற ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் அகராதிகளில் 'ஆட்கடத்தல்' என்று போட்டிருக்கிறது. ஆனால் ஈழத்தமிழருக்குக் கடத்தல் என்றால் என்ன? வெள்ளை வான். இரவில் வந்து ஏற்றிக்கொண்டு போவது. அதனால் "உங்களை யாராவது கடத்தினார்களா?" என்று மொழிபெயர்த்துக் கேட்டால், அந்தப் பெண் பதறிப்போய், "இல்லை ஐயா, நானாத்தான் வந்தனான். ஏஜென்சிக்காரர் நல்ல மனிசன், அம்மாட்டைக் காசும் குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தவர்" என்று சொல்லுவாள். அவள் சொன்னது முழு உண்மை. அதிகாரி 'இல்லை' என்று எழுதுவார். விசாரணை அடுத்த விடயத்துக்குப் போய்விடும்.

இன்னொரு குழப்பமும் இந்தச் சொல்லில் இருக்கிறது. எங்களில் எத்தனையோ பேர் ஏஜென்சி மூலம், மொஸ்கோ வழியாகவும் ஆபிரிக்கா வழியாகவும் களவாக எல்லை கடந்து வந்தவர்கள். அதையும் தமிழில் ஆட்கடத்தல் என்றே சொல்லுகிறோம். சட்டத்தில் அது வேறு குற்றம். எங்களைக் கொண்டுவந்தவர் காசை எண்ணி வாங்கிக்கொண்டு விமான நிலையத்தோடு போய்விட்டார். நான் இன்று சொல்லப்போகிற குற்றத்திலோ ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான் உழைப்பை உறிஞ்சுகிற வேலை தொடங்குகிறது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்த உரையில் அதற்கு 'மனித வணிகம்' என்ற சொல்லையே பாவிக்கிறேன்.

இந்தக் குற்றத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட வரைவிலக்கணம் ஒன்று இருக்கிறது. இத்தாலியின் பலெர்மோ நகரின் பெயரால் அழைக்கப்படும் ஐ.நா. நெறிமுறை அது, 2000 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2003 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்று விடயங்கள் சேரவேண்டும். ஒருவரைச் சேர்ப்பது, கொண்டுபோவது, ஒப்படைப்பது அல்லது பொறுப்பெடுப்பது முதலாவது. அதற்குப் பலாத்காரம், மோசடி, ஏமாற்று, அவருடைய இயலாமையைப் பயன்படுத்துதல் போன்ற வழிகளைக் கையாள்வது இரண்டாவது. சுரண்டுகிற நோக்கம் மூன்றாவது. அந்த வழிகள் கையாளப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் 'ஓம்' என்று சொன்னாரா என்பது பொருட்டல்ல. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையாக இருந்தாலோ இரண்டாவது விடயத்தைக் காட்டவே தேவையில்லை. பிள்ளையை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, அடித்திருக்க வேண்டியதில்லை. சுரண்டுவதற்காகச் சேர்த்து அனுப்பினாலே போதும்.

இந்த வயது விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு மூதூருக்கு வாருங்கள்.

ரிசானா நபீக் என்ற பெயரை எங்கள் நேயர்களில் அறியாதவர் குறைவு. திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த, தமிழ் பேசும் ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பிறப்புச் சான்றிதழின்படி பிறந்தது 1988 பெப்ரவரியில். கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டபோது அவளுடைய உண்மையான வயது 17. தவாத்மி என்ற ஊரில் ஒரு வீட்டில் சமையல், துப்புரவு, அதோடு நான்கு மாதக் கைக்குழந்தையைப் பார்க்கிற பொறுப்பும் அவளிடம் வந்தது. போய்ச் சில வாரங்களில், மே 22 ஆம் திகதி, அவள் போத்தல்பால் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் அந்தக் குழந்தை இறந்துபோனது. பால் புரைக்கேறியது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றார்கள் வீட்டார். பெற்ற பிள்ளையை இழந்தவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்கிறேன்.

பொலிஸ் விசாரணையின்போது அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டது. வற்புறுத்தலால் கொடுத்தது என்று பின்னர் அவள் அதை மறுத்தாள். அந்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்றும், அவர் பின்னர் நாட்டை விட்டே போய்விட்டார் என்றும் மனித உரிமை அமைப்புகள் தெரிவித்தன. அதாவது ஒரு உயிரின் தலைவிதியைத் தீர்மானித்த தமிழ் வசனங்கள் எவை என்று திரும்பிக் கேட்கக்கூட ஆள் இல்லை. என் தொழிலைச் செய்த எவருக்கும் இந்த ஒரு விடயம் போதும், நித்திரை வராமல் இருக்க.

2007 யூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு போன்ற அமைப்புகள் பணம் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஒரு சவூதிச் சட்டத்தரணி நிறுவனம் மேன்முறையீடு செய்தது. 2010 இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிள்ளையாக இருந்தபோது செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்கிற சிறுவர் உரிமைச் சாசனத்தில் சவூதி அரேபியா 1996 இலேயே சேர்ந்திருந்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விடயம் உண்டு. அவளுடைய பயணப் பத்திரங்களில் வயதை மாற்றிய குற்றத்துக்காக 2011 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் முகவர்கள் இருவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. ஆக, கடவுச்சீட்டில் இருந்த வயது பொய் என்று ஒரு நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு ஒருவருடத்துக்கு மேல் கழிந்த பிறகு, அந்தப் பொய் வயதை நம்பிய இன்னொரு நாட்டின் தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது. முதலாவது தீர்ப்பு இரண்டாவது நீதிமன்றத்தின் மேசையில் உரிய இடத்தைப் பெறவில்லை.

ரிசானா மனித வணிகத்துக்கு ஆளானவளா? வரைவிலக்கணத்தின் முதலாவது விடயம் தெளிவாகவே இருக்கிறது. வயது காரணமாக இரண்டாவது தேவையில்லை. மூன்றாவது, அதாவது சுரண்டும் நோக்கம், விசாரித்து முடிவு செய்திருக்க வேண்டியது. அந்த விசாரணை நடக்கவே இல்லை. "இந்தப் பிள்ளையை யார் அனுப்பினார்கள், எப்படி அனுப்பினார்கள், என்ன வேலைக்கு என்று சொல்லி அனுப்பினார்கள்?" என்று முதல் நாள் யாராவது கேட்டிருந்தால் வயது வெளியே வந்திருக்கும். வயது வந்திருந்தால் வழக்கின் போக்கே மாறியிருக்கும் என்பது என் கருத்து.

வளைகுடாவில் யாருக்கும் இப்படிக் கேட்கத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ரிசானா விமானம் ஏறிய அதே 2005 மே மாதத்தில், பக்கத்து நாடான ஐக்கிய அரபு அமீரகம் யுனிசெப் நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு செய்தது. ஒட்டகப் பந்தயத்தில் ஓட்டிகளாகப் பாவிக்கப்பட்ட சிறுவர்களை மீட்டு அனுப்புவதற்கான உடன்பாடு அது. பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான், மொரித்தேனியா நாடுகளில் இருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஒட்டகத்தில் ஏற்றுவது அதே ஆண்டில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. இப்போது ஒட்டகத்தின் முதுகில் சின்ன ரோபோ இயந்திரம் இருந்து ஓட்டுகிறது. அங்கே பிள்ளைகளைப் பார்த்தவர்கள் பிள்ளைகளாகவே பார்த்தார்கள், கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. அடுப்படிக்குள் நிற்கிற பிள்ளையைத் திடலில் நிற்கிற பிள்ளையைப் போல யாரும் காண்பதில்லை.

அதன் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. அமீரகத்தின் 51 ஆம் இலக்கச் சட்டம் 2006 இல் வந்தது; குறைந்தது 5 ஆண்டுச் சிறை, சில சூழ்நிலைகளில் ஆயுட்சிறை. 2015 இல் அது திருத்தப்பட்டது, 2023 இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. பஹ்ரேனும் ஓமானும் 2008 இலும், சவூதி 2009 இலும், கட்டார் 2011 இலும், குவைத் 2013 இலும் தத்தமது சட்டங்களை இயற்றின. அபுதாபியில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 'ஈவா' என்ற காப்பகம் 2008 இல் திறக்கப்பட்டது. வீட்டுப் பணியாளருக்கென்று அமீரகத்தில் 2017 இல் வந்த சட்டமும், அதை மாற்றி 2022 இல் வந்த சட்டமும் வாராந்த விடுமுறையைத் தருகின்றன. கடவுச்சீட்டு பணியாளரின் கையிலேயே இருக்கவேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. அச்சில் பார்த்தால் எங்கள் நாடுகளின் சட்டங்களுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

பிறகு ஏன் அந்தப் பிள்ளையைப் பொலிஸ் பிடிக்கிறது?

வளைகுடாவில் வேலைக்குப் போகிறவரின் வதிவிட அனுமதி அவரை எடுப்பித்தவரோடு, அதாவது கபீலோடு, கட்டப்பட்டிருக்கிறது. சில நாடுகளில் இந்தக் கட்டுத் தளர்த்தப்பட்டிருக்கிறது, ஆனால் வீட்டுப் பணியாளருக்கு அது மெதுவாகவே போய்ச் சேருகிறது. வீட்டை விட்டு வெளியேறினால் 'தப்பியோடியவர்' என்று எசமான் முறைப்பாடு செய்யலாம். சவூதியில் இதற்கு 'ஹுரூப்' என்று பெயர். சிலவேளை நகை களவு போனது என்ற முறைப்பாடும் சேர்ந்து வரும். ஆகவே சட்டத்தரணியின் முன் அந்தப் பெண் வந்து நிற்கும்போது குற்றம் சாட்டப்பட்டவளாகத்தான் வந்து நிற்கிறாள். 'பாதிக்கப்பட்டவர்' என்று கழுத்தில் எழுதித் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. கோப்பில் இருப்பது விசாக் குற்றம், களவுக் குற்றம். அதை மட்டும் வாசிக்கிற சட்டத்தரணி, "ஒத்துக்கொள், தண்டம் கட்டிவிட்டு ஊருக்கு அனுப்புவார்கள்" என்று சொல்லுவார். அவளும் ஊருக்குப் போனால் போதும் என்று தலையாட்டுவாள். வழக்கு முடிந்துவிடும், அவளை விற்றவன் அடுத்த பெண்ணுக்கு விசா எடுத்துக்கொண்டிருப்பான்.

சம்பளம் தரவில்லை, கடவுச்சீட்டைப் பறித்தார்கள் என்று அவளே முறையிட்டாலும், அது தொழில் தகராறாகத் தொழில் அமைச்சின் பக்கம் போய்விடுகிறது. அமீரகத்தில் மனித வணிக வழக்குகள் பெரும்பாலும் பாலியல் சுரண்டல் பற்றியவை, கட்டாய வேலை பற்றியவை மிகக் குறைவு என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. சம்பளத் தகராறு எல்லாம் மனித வணிகம் என்று நான் சொல்லவரவில்லை. ஒருமாதச் சம்பளம் பிந்தினால் அது தொழில் தகராறுதான். சம்பளமும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை, கதவுத் திறப்பும் இல்லை, போகப்போறேன் என்றால் முகவர் கொடுத்த காசைத் திருப்பிக் கட்டு என்கிறார்கள் என்றால், அதை எந்தப் பெட்டியில் போடுவது? தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் சின்னக் குற்றம். சேர்த்துப் பார்க்கத் தெரிந்த நீதவானுக்குத்தான் பெரிய குற்றம் தெரியும்.

அந்த முற்பணம் பற்றி ஒரு சொல். ஆண்கள் 'ஃப்ரீ விசா' என்று கடன்பட்டுக் காசு கட்டிப் போவார்கள். இலங்கையிலிருந்து போகிற பெண்களுக்கோ பலவேளைகளில் முகவரே வீட்டுக்குக் காசு கொடுப்பார். "எங்களிட்டை ஒரு சதமும் வாங்கேல்லை, இது எப்படி ஏமாற்று?" என்று குடும்பம் கேட்கும். அந்தக் காசுதான் கயிறு.

விசிட் விசாவில் போனவர்களின் நிலைமை இன்னும் மோசம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை, ஒப்பந்தம் இல்லை, சட்டப்படி அவள் உல்லாசப் பயணி. 2022 இல் இலங்கைப் பெண்கள் இப்படி அமீரகம் வழியாகவும் நேராகவும் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்பட்டார்கள் என்ற செய்தி வெளிவந்தது. அந்த விசாரணையில், அவ்வாண்டு நவம்பரில், ஓமானில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே சந்தேகத்தின் பேரில் கைதானார். ஒரே ஒரு கதவை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

மொழிக்கு வருவோம். அமீரகத்தில் பொலிஸ், அரச வழக்குத்தொடுநர், நீதிமன்றம் என்று கோப்பு போகிற வழியெல்லாம் அரபு மொழி. அபுதாபி நீதித்துறை 2019 பெப்ரவரியில் தொழில் வழக்குப் படிவங்களுக்கு அரபு, ஆங்கிலத்தோடு ஹிந்தியையும் சேர்த்தது. நல்ல காரியம். மூதூர்ப் பெண்ணுக்கும் மட்டக்களப்புப் பெண்ணுக்கும் அதனால் பிரயோசனம் இல்லை. "தென்னாசியாக்காரி, ஹிந்தி தெரியும்தானே" என்று ஒரு ஹிந்தி மொழிபெயர்ப்பாளரை அனுப்பினால், அவளும் பயத்தில் விளங்கின மாதிரித் தலையாட்டுவாள். வளைகுடாவில் சில வருடம் நின்றவர்களுக்குச் சந்தை அரபும் கொஞ்ச ஹிந்தியும் வரும். சந்தையில் மீன் வாங்க அது போதும். வாக்குமூலம் கொடுக்கப் போதாது.

ஐரோப்பாவிலும் இது நேரே நடக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவில் கஞ்சாத் தோட்டங்களில் பிடிபட்ட வியட்நாமியச் சிறுவர் இருவர், தங்கள் சட்டத்தரணிகளின் ஆலோசனைப்படியே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டார்கள். 2021 பெப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. மனித வணிகத்துக்கு ஆளானவர் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், வழக்குத் தொடருமுன்பே அதைத் தகுதியுள்ளவர்கள் ஆராய வேண்டும் என்றது. 2022 யூலையில் இலண்டன் உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. சவூதி இராஜதந்திரி ஒருவரின் வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண், குப்பை போடுவதற்கு மட்டுமே வெளியே விட்டார்கள், கூப்பிட்டவுடன் வர உடம்பில் அழைப்பு மணி மாட்டியிருந்தார்கள், மாதக்கணக்கில் சம்பளம் இல்லை என்று முறையிட்டார். இராஜதந்திரிக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்பது எதிர்வாதம். அவர் சொல்வது உண்மையானால் இது சாதாரண வேலைக்கமர்த்தல் அல்ல, ஒருவரின் உழைப்பைப் பறித்து ஆதாயம் தேடுவது, அதற்கு அந்த விலக்குப் பொருந்தாது என்று பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னார்கள். மணி, குப்பை, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததன் பலன் அது.

ஆகவே சட்டத்தரணி கேட்கவேண்டியது "கடத்தினார்களா?" என்பதை அல்ல. உன் பாஸ்போட் இப்ப யாரிட்டை? கடைசியாகச் சம்பளம் எப்ப, யாருடைய கையிலை கிடைச்சது? இரவிலை எங்கை படுத்தனீ, கதவுத் திறப்பு யாரிட்டை இருந்தது? அம்மாவோடை கடைசியாக எப்ப கதைச்சனீ, யாருடைய போனிலை? என்ன வேலை எண்டு சொல்லி அனுப்பினவை? எத்தனை வீடு மாத்தினவை? போகப்போறன் எண்டால் என்ன சொன்னவை? எந்த வருசம் பள்ளிக்கூடத்தாலை நிண்டனீ? கடைசிக் கேள்வி வயதைப் பிடிக்க. கடவுச்சீட்டில் மாற்றிய வயதைச் சொல்லப் பழக்கியிருப்பார்கள், ஆனால் எத்தனையாம் வகுப்போடு நின்றாய் என்பதற்கு யாரும் பழக்கி விடுவதில்லை. இவற்றைத் தனியறையில், முகவரோ வீட்டாரோ பக்கத்தில் இல்லாமல் கேட்கவேண்டும். முதல்நாளே எல்லாம் வெளியே வராது. இரண்டாம் நாள் கதை மாறினால் அதைப் பொய் என்று எழுதிவிடக் கூடாது; பயம் குறைந்ததாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்குத்தான் முதலில் அழைப்பு வருகிறது. நீங்கள் செய்யக்கூடியது உண்டு. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி, பள்ளிக்கூட அனுமதிப் பதிவு, முகவரின் ரசீது, முகவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், விமானச் சீட்டு எல்லாவற்றையும் அன்றே படம் பிடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அரபு மொழிபெயர்ப்பும் வெளிநாட்டு அமைச்சின் சான்றுறுதியும் தேவைப்படும், அதற்கு நாள் எடுக்கும், ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள். தூதரகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் ஐ.ஓ.எம். எனப்படும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் கொழும்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். இலங்கையில் முகவருக்கு எதிராகப் பொலிஸ் முறைப்பாடும் போடவேண்டும். தண்டனைச் சட்டக் கோவையின் 360 சி பிரிவில் மனித வணிகம் தனிக்குற்றம். அந்த முறைப்பாட்டின் பிரதியை அங்குள்ள சட்டத்தரணியின் கையில் சேர்ப்பியுங்கள், ஏனென்றால் ரிசானாவின் விடயத்தில் இங்கே தெரிந்தது அங்கே போய்ச் சேரவில்லை.

பிள்ளையோடு கதைக்கக் கிடைத்தால் அந்த இரண்டு நிமிடத்தில் அழவேண்டாம் என்று சொல்லுங்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கவேண்டாம், "தமிழ், தமிழ்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லு, உன் உண்மையான வயதைச் சொல்லு. பிறகு எந்தப் பொலிஸ் நிலையம், எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன என்று கேளுங்கள். வழக்கு இலக்கம் இல்லாமல் எந்தச் சட்டத்தரணியாலும் கோப்பைத் திறக்க முடியாது. அவளுக்குத் தெரியாவிட்டால், பக்கத்தில் நிற்கிற யாரையாவது கேட்டு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.